சமைக்கிற பூ கணக்கில் வராது

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று தொலைக்காட்சியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள். கோவையில் விட்டுவிட்டு மழை, மலையோரங்களில் கனமழை. அவள் சொல்லி முடித்ததும் நகைக்கடை விளம்பரம் வந்தது. நான் எழுந்து போய், காரின் டிக்கியில் ஒரு தார்ப்பாயையும் இரண்டு போர்வைகளையும் எடுத்து வைத்தேன். என் மனைவி வாசற்படியில் நின்றபடி, யாரோ விருந்தாளி ஊருக்குக் கிளம்புவதைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி எரிநட்சத்திரங்கள் நிறைய விழும் என்று வெளிநாட்டிலிருந்து எங்கள் மகள் செய்தி அனுப்பியிருந்தாள். கார்த்திகை முடிகிற சமயத்தில் வருஷா வருஷம் விழுமாம். “மேகமா இருந்தா விட்டுடுங்கப்பா, அம்மாவ குளுருல இழுத்துட்டுப் போயிராதீங்க” என்று அதற்குக் கீழேயே இன்னொரு செய்தி. நான் பிடிவாதக்காரன் என்பது அவளுக்குத் தெரியும். விடு என்று சொன்னால் பிடித்துக்கொள்கிறவன் என்பது எப்படியோ அவளுக்கு மறந்துவிட்டது.

எனக்கு வானம் பார்க்கும் கிறுக்கெல்லாம் கிடையாது. கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்துப் பம்ப்செட் உதிரிப் பாகம் கடைந்தவன் நான். ஆயுசு முழுக்கக் குனிந்தே வேலை பார்த்தாயிற்று. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். என் மனைவி ஒரு எரிநட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். பார்த்ததும் பூப்பெயர் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அவளை எந்தப் பராமரிப்பு இல்லத்துக்கும் அனுப்புவதில்லை என்று எனக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். சொல்லாவிட்டால் என்ன என்பதை நான் முடிவு செய்யவில்லை. அதற்கு முடிவு ஒன்றும் தேவையாக இருக்கவில்லை.

பூப்பெயர் கதையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்னாலும் அப்படித்தான் தெரியும், இருக்கட்டும்.

அவளுக்குப் பிறந்த ஊர் அந்தியூர்ப் பக்கம். நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் புத்தி மறந்துபோகும் என்று அவர்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை. அதற்குப் பரிகாரமும் உண்டு. பார்த்த கையோடு பூக்களின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் தோஷமில்லை.

கல்யாணமான முதல் ஆடியில் அவளை வழக்கப்படி தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். புது மாப்பிள்ளை அந்த மாதம் அங்கே எட்டிப் பார்க்கக் கூடாது. நான் அந்தியூர் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தை பார்க்க வந்த சாக்கில் போய் இறங்கினேன். எனக்குக் குதிரையின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மாமனார் கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, ராத்திரி மொட்டை மாடியில் மாப்பிள்ளை தனியாகத்தான் படுக்க வேண்டும் என்று சொன்னதற்கும் தலையாட்டினேன். தண்ணீர்ச் சொம்பு கொடுக்க வந்தவள் திரும்பிப் போக மனசில்லாமல் கைப்பிடிச் சுவரோரம் நின்றாள். அப்போது ஒன்று விழுந்தது. வடக்கேயிருந்து நீளமாக, பச்சையாக ஒரு கோடு.

அவள் என் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

“ஏனுங்க, பூப்பேரு சொல்லுங்க, வெசையா!”

அவள் கண்ணை மூடிக்கொண்டு, “மல்லி, முல்லை, அரளி, சம்பங்கி, செவ்வந்தி, கனகாம்பரம்” என்று ஒரே மூச்சில் சொன்னாள். நான் என் பங்குக்கு “காலிபிளவர்” என்றேன்.

அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. புதுப் பெண் என்பதையும், கீழே அவள் அப்பா படுத்திருக்கிறார் என்பதையும் மறந்து, “அட, சும்மா இரு! சமைக்கற பூவெல்லாம் கணக்குல வராது. ஒழுங்காச் சொல்லு” என்றாள். வாங்க போங்க என்று மட்டுமே பேசிக்கொண்டிருந்தவள், முதன்முதலாக என்னை அப்படித் திட்டினாள். எங்களுக்குக் கல்யாணம் ஆனது அன்றைக்குத்தான் என்று நான் அடிக்கடி சொல்லுவேன். மற்றதெல்லாம் தாசில்தார் ஆபீஸ் வேலை மாதிரி.

அப்புறம் அது வீட்டு வழக்கமாகிவிட்டது. மின்வெட்டுக் காலத்தில் பட்டறையும் ஓடாது, வீட்டில் காற்றாடியும் சுற்றாது. மூன்று பேரும் மாடியில் பாய் போட்டுப் படுத்துக் கிடப்போம். எப்போதாவது ஒன்று விழும். அவள் மல்லியில் ஆரம்பித்துக் கனகாம்பரத்தில் முடிப்பாள். வரிசை மாறவே மாறாது. மகள் பாதி தூக்கத்தில் அம்மாவோடு சேர்ந்து சொல்லுவாள். நான் ஒவ்வொரு தரமும் காலிபிளவர் என்பேன். வாழைப்பூ, முருங்கைப்பூ என்று மாற்றிப் பார்த்ததும் உண்டு. காலிபிளவருக்கு வருகிற கோபம் அவற்றுக்கு வரவில்லை. காய்ச்சலோடு படுத்திருந்தாலும் எழுந்து உட்கார்ந்து திட்டுவாள்.

அந்தச் சாத்திரம் நிஜமென்றால் மறதி எனக்கு வந்திருக்க வேண்டும். ஒரு தடவைகூட ஒழுங்கான பூவைச் சொல்லாதவன் நான். ஒரு தடவைகூடத் தவறாமல் சொன்னவள் அவள்.

எங்கள் பக்கத்து மரியாதை பொல்லாதது. புருஷனுக்கும் “ங்க”, கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவனுக்கும் “ங்க”, தெருவில் வழி கேட்கிறவனுக்கும் “ங்க”. அதனால் அவள் என்னை எந்த நாளில் முதல் வரிசையிலிருந்து எடுத்துக் கடைசி வரிசையில் நிறுத்தினாள் என்பது எனக்குத் தெரியாமலே போய்விட்டது. வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா என்று வழக்கம்போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “சக்கரை போடலாமுங்களா?” என்றாள். எனக்குச் சர்க்கரை வியாதி வந்த நாளிலிருந்து என் டம்ளரைக் காவல் காத்தவள். கல்யாண வீட்டில் நான் லட்டை எடுத்தால் பந்தியின் மறுகோடியிலிருந்து முறைப்பவள். அன்றைக்குத்தான் அவள் என்னை யாரோ என்று நினைத்துக் கேட்கிறாள் என்பது எனக்கு உறைத்தது.

மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளை சுருங்கிக்கொண்டு வருகிறது, மாத்திரை கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது என்றார். அதைச் சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளோ, “நல்லதுங்க, ரொம்ப சந்தோசமுங்க” என்று கும்பிட்டுவிட்டு எழுந்தாள்.

நான் சமாளித்தேன். பட்டறையை விற்றேன். சோறு வைக்கக் கற்றுக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் விடிகாலையில் கதவைத் திறந்துகொண்டு அவள் போய்விட்டாள். சத்தி ரோட்டில் நடந்தே சரவணம்பட்டி வரைக்கும் போயிருக்கிறாள். அங்கே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில், ராத்திரி வேலை முடிந்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு நடுவே நின்று, அந்தியூர் பஸ் எப்போது வரும் என்று ஒவ்வொருவரையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். வாசல் காவலாளி அவளை உட்கார வைத்து, கழுத்துச் சங்கிலியில் நான் கோத்துவிட்டிருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். நான் போனபோது காலில் செருப்பில்லாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், “நீங்களும் அந்தியூருக்குங்களா?” என்றாள்.

அதன் பிறகு மகள் போனில் விட்டுக்கொடுக்கவில்லை. ஊருக்கு வெளியே இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்கிற இல்லம் ஒன்றை விசாரித்து வைத்திருந்தாள். நல்ல இடம், தோட்டம் இருக்கிறது, நர்ஸுகள் இருக்கிறார்கள், கதவு பூட்டியிருக்கும். “உங்களுக்கு என்னமாவது ஆச்சுன்னா அம்மாவ யாருப்பா பாப்பாங்க?” என்று அழுதாள். நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது.

மைத்துனர் அந்தியூரிலிருந்து வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, “மாப்ளைங்க, கோயல்ல ஒரு பூக் கேட்டுப் பாத்தறலாமுங்க” என்றார். எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, எதுவானாலும் சாமியிடம் பூக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்லுவார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்தது. எங்கள் கல்யாணத்துக்கும் கேட்டிருக்கிறார்கள். வெள்ளை அரளி தயவில் வந்த மாப்பிள்ளை நான் என்று அவளைக் கேலி செய்வேன்.

அன்றைக்குக் கேலி வரவில்லை. “என்ற பொண்டாட்டிய ஊட்ல வெச்சுக்கறதா வேண்டாமான்னு அரளிப்பூவுங்களா சொல்லோணும்?” என்று கத்தினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

ஊருக்குத்தான் உபதேசம். ஒரு வாரம் போவதற்குள் நானே வானத்திடம் பூக் கேட்கக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் தெருவில் நின்றால் சோடியம் விளக்குத்தான் தெரியும், நட்சத்திரம் தெரியாது. கோட்டைமேட்டில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிற பாய் ஒருவர் எனக்குப் பட்டறை நாளிலிருந்தே பழக்கம். மதுக்கரையைத் தாண்டி உள்ளே அவருக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. சாவி வாங்கப் போனேன்.

“ஏனுங்ணா, இந்த மழையில நட்சத்திரம் பாக்கப் போறீங்களா? நட்டுச்ச வெயில்ல நெலாப் பாக்கப் போவீங்களாட்ட இருக்குதே” என்று சிரித்தார்.

“அவ பாக்கோணும் பாய்” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. போன மாதம் அவளைப் பார்க்க வீட்டுக்கு வந்திருந்தார். அவள் தண்ணீர் கொடுத்து, உட்காரச் சொல்லி, “எந்த ஊருங்க உங்களுக்கு?” என்று கேட்டாள். பாய் தன் ஊரை, தன் தெருவை, தன் பிள்ளைகளின் படிப்பை எல்லாம் புதிதாகச் சொல்லுகிற மாதிரியே பொறுமையாகச் சொன்னார். வெளியே வந்து வண்டியில் ஏறாமல் ரொம்ப நேரம் நின்றார்.

இப்போது சாவியை என் கையில் வைத்து மூடினார். “ஆனை வர்ற பக்கமுங்ணா. சத்தம் கேட்டுச்சுன்னா காருக்குள்ள ஏறிக்குங்க. ஆனைகிட்ட உங்க கோவமெல்லாம் செல்லாதுங்” என்றார்.

போகிற வழியெல்லாம் தூறல். வைப்பர் ஒரு பக்கம் கீச்சிட்டது. அவள் கண்ணாடியில் வழிகிற நீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். தோப்பை அடைந்தபோது மழை நின்றிருந்தது, ஆனால் மேகம் அப்படியே கிடந்தது. சிமென்ட் ஆலைப் பக்கத்து வெளிச்சம் பட்டு, மேகத்தின் அடிவயிறு அழுக்கு மஞ்சளாக இருந்தது. தோப்பின் நடுவே கொப்பரை காய வைக்கிற சிமென்ட் களம் ஒன்று. அதிலிருந்த ஈரத்தைத் துடைத்து, தார்ப்பாயை விரித்து, அவளைப் படுக்க வைத்துப் போர்த்திவிட்டேன். பக்கத்தில் நானும் படுத்தேன். தென்னை மட்டைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கீழே எங்கோ பாலக்காட்டு ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது.

“இங்க எதுக்குங்க வந்திருக்கறோம்?” என்றாள்.

“நட்சத்திரம் பாக்கறதுக்கு அம்மணி.”

“செரிங்க.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கேள்வி. அதே பதில். மறுபடியும். வானத்தில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. மகள் சொல்லியிருந்த மேகப்படத்தைப் போனில் பார்த்தால், கோயம்புத்தூர் முழுக்க ஒரே வெள்ளை. இன்னொரு தரம் அவள் கேட்டபோது எனக்குப் பொறுக்கவில்லை. “எத்தன தடவை சொல்றது? மேல பாரு!” என்று கத்திவிட்டேன். தோப்பில் எதுவோ படபடவென்று பறந்தது. அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, “கோவிச்சுக்காதீங்க” என்றாள். எனக்கு என்னையே அறைய வேண்டும்போல இருந்தது. நான் கத்தினால் திருப்பிக் கத்துகிறவள் அவள். எங்கள் வீட்டில் சண்டை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேட்பார். அந்தச் சண்டைக்காரி எங்கே போனாள்?

படுத்துக்கிடந்தபடியே மேகத்திடம் பேசினேன். வாய்விட்டுத்தான் பேசினேன். நீ வருஷமெல்லாம் இருந்துவிட்டுப் போ, இன்றைக்கு ஒரு ராத்திரி நகர்ந்தால் உன் குடி முழுகிவிடுமா என்றேன். அவள், “யாருகிட்டப் பேசறீங்க?” என்றாள். “சாமிகிட்ட” என்றேன். “நல்லதுங்க” என்றாள்.

அப்புறம் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கமிருந்து காற்று அடித்தது. மட்டைகள் சலசலத்தன. மஞ்சள் மேகம் நடுவில் நைந்து, மெல்லக் கிழிந்தது. கிழிசலுக்குள் கறுப்பு, கறுப்புக்குள் கழுவி வைத்த மாதிரி நட்சத்திரங்கள். எத்தனையோ வருஷம் கழித்து அப்படி ஒரு வானத்தைப் பார்த்தேன். அவள் தலையை என் தோளில் சாய்த்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

“அங்கயே பாரு அம்மணி. கண்ணை எடுக்காத.”

“செரிங்க.”

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கண்ணில் நீர் கோத்தது; துடைத்தால் தவறிவிடும் என்று துடைக்கவில்லை. அப்போது மார்பின் மேல் கிடந்த போன் அதிர்ந்தது. மகளாகத்தான் இருக்கும். சும்மா விட்டிருக்கலாம். விட வேண்டியதுதானே? பழக்க தோஷம். குனிந்து பார்த்தேன். “ஏதாச்சும் தெரியுதாப்பா?” என்று இருந்தது.

“அதா!” என்றாள் அவள்.

நான் நிமிர்ந்தபோது அவள் கை போர்வைக்கு வெளியே நீண்டிருந்தது. விரல் மேற்கே சரிந்து நின்றது. வானத்தில் ஒன்றுமில்லை. கிழிசலின் ஓரங்கள் மறுபடி கூடிக்கொண்டிருந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

“என்ன பாத்த? உழுந்துச்சா?”

“அக்கட்ட ஓடுச்சுங்க.”

“எது ஓடுச்சு? வெளிச்சமாவா? நீளமாவா?”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையை இறக்கிக்கொண்டாள். யோசித்தாள், யோசிப்பது எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாக, “எதுங்க?” என்றாள்.

அவ்வளவுதான். அவளுக்குள் போன நட்சத்திரம் அங்கேயே அவிந்துவிட்டது. அது எரிநட்சத்திரமா, விமானத்து விளக்கா, வௌவாலா என்பது இனி யாருக்கும் தெரியாது. பார்த்த ஒரே ஆள் அவள்தான். கொஞ்சம் முன்னால் இருந்த அந்த ஆளும் இப்போது இல்லை.

ஆனால் நான் விடவில்லை. பார்த்துவிட்டாள் என்றே வைத்துக்கொண்டேன். “பூச் சொல்லு அம்மணி, வெசையா” என்றேன்.

“பூவுங்களா?” அவள் எழுந்து உட்கார்ந்து களத்தைச் சுற்றிப் பார்த்தாள். “இங்க பூ ஒண்ணும் இல்லீங்களே.”

“பூப்பேரு. நீ சொல்லுவியே. மல்லி…”

“மல்லி” என்றாள்.

“முல்லை.”

“முல்லை.”

“அரளி.”

“அரளி.”

அங்கே நிறுத்தினேன். அரளிக்கு அடுத்து சம்பங்கி. அது அவள் மூச்சில் இருந்த வரிசை, தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். ஒரு சம்பங்கி போதும் எனக்கு. மீதியெல்லாம் வேண்டாம். அவள் தன்னால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், யார் என்ன சொன்னாலும் அவளை அனுப்ப மாட்டேன், கதவுக்குக் குறுக்கே படுத்துக்கொள்வேன், செத்தாலும் அங்கேயே சாவேன் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள். என் வாயையே பார்த்துக்கொண்டு, அடுத்து நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

மேலே மேகம் முழுக்க மூடிவிட்டது. முதல் துளி என் நெற்றியில் விழுந்தது.

என்னிடம் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. அது என்றைக்கும் பொய்த்ததில்லை.

“காலிபிளவர்” என்றேன்.

அவள் புருவம் சுருங்கியது. சத்தியமாகச் சுருங்கியது, அரை இருட்டிலும் பார்த்தேன். திட்டு, திட்டு அம்மணி, சும்மா இருடா என்றுகூடச் சொல்லு என்று உள்ளே கெஞ்சினேன். அவள் உதட்டைக் கூட்டிப் பிரித்தாள். கொஞ்சம் கடினமான வார்த்தை என்பதால் சுருங்கிய புருவம் அது.

“காலிபிளவருங்க” என்றாள். சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் சிரித்தாள்.

மழை வந்துவிட்டது. அவளைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றினேன். தார்ப்பாயை எடுக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதேன். அறுபது தாண்டிய ஆம்பளை அப்படி அழக்கூடாது என்பார்கள். என்பவர்கள் வந்து பார்க்கட்டும். மழைச் சத்தத்தில் நான் அழுதது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது. முந்தானையின் நனையாத பக்கத்தைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“அழுகாதீங்க. உங்கூட்ல யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலீங்களா?”

“ஆமாங்க” என்றேன். “என்ற ஊட்டுக்காரிக்கு.”

“செரியாயிருமுங்க. அவங்களத் தனியா உட்டுப்போட்டு ராத்திரியில இப்படி வரலாமுங்களா? வெசையா ஊட்டுக்குப் போங்க.”

நான் வண்டியை எடுத்தேன். மதுக்கரை வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

விடிந்ததும் மகள் கூப்பிட்டாள். நான் அடுப்படியில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி கூடத்தில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள்.

“போயிருக்க மாட்டீங்கன்னு நெனச்சேனுங்கப்பா. அந்த மழையில என்னத்தப் பாத்தீங்க?”

“நான் பாக்கல. அம்மா ஒண்ணு பாத்துட்டா கண்ணு.”

“நெசமாலுமா! பூச் சொன்னாங்களா?”

“சொன்னா.”

“அய்யோ அப்பா!” அவள் குரல் சின்ன வயதுக் குரல் மாதிரி எழும்பியது. “என்ன பூ சொன்னாங்க?”

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆறு பூவும் வரிசையாக எனக்குத் தெரியும்.

“காலிபிளவர்” என்றேன்.

அவள் சிரித்தாள். மாடியில் பாய் போட்டுப் படுத்த காலத்துச் சிரிப்பு. அதைக் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. “அம்மாவா? அம்மாவா காலிபிளவர் சொன்னாங்க?” என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். நான் சேர்ந்து சிரிக்கவில்லை. சிரிப்பு நடுவில் நின்றது.

“அப்பா” என்றாள். “அது நீங்க சொல்றதாச்சே. அம்மா சொல்ல மாட்டாங்களே.”

தண்ணீர் கொதித்தது. அடுப்பை அணைத்தேன்.

“நான் கெளம்பி வர்றதுக்கு டிக்கெட் போடட்டுங்களாப்பா?”

“போடு கண்ணு” என்றேன்.